பங்களா டூட்டி

செப்டம்பர் 2, திங்கள்

இன்று காலை குவார்ட்டர்ஸ் முருகன் கோயிலில் இருந்தவர்கள்: பூசாரி சங்கரலிங்கம். எதிர்வீட்டுத் தங்கமாரியப்பன் அண்ணன், அவர் மனைவி பாக்கியம் மதினி. சி பிளாக் குருசாமி, அவர் மனைவி, அவர் தாயார். செபாஸ்டியன், அவர் மனைவி ஸ்டெல்லா. இவர்கள் வாசற்படியோடு நின்றுகொண்டார்கள். அப்புறம் நான். என் வீட்டுக்காரர் இல்லை.

தங்கமாரி அண்ணன், குருசாமி, செபாஸ்டியன் மூன்று பேரும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில் போலீசில் சேர்ந்தவர்கள். இருபத்தைந்து வருஷம் முடித்த ஏட்டையாக்களுக்குச் சிறப்பு எஸ்.ஐ., அதாவது எஸ்.எஸ்.ஐ. பதவி கொடுக்கிற உத்தரவு போன வாரம் வந்தது. புது ஸ்டாரை முருகன் காலடியில் வைத்து எடுத்து, பெண்டாட்டி கையால் தோளில் குத்திக்கொள்வது எங்கள் குவார்ட்டர்ஸ் வழக்கம். பூசாரி தட்டைப் பார்த்துவிட்டு, நாலு பேர்னு சொன்னாங்களே, மூணு ஜோடிதானே இருக்கு என்று கேட்டார். பாக்கியம் மதினி கோபுரத்தைப் பார்த்தார். ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், "எங்க வீட்டுல அவுக டி.எஸ்.பி. பங்களாவுல கேம்ப் ஆபீஸ் டூட்டி. அடுத்த லிஸ்ட்டுல வரும் சாமி."

போகவேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். தேங்காயும் மாலையும் வாங்கிக்கொண்டு போனேன். மூன்று பேருக்காகவும் சேர்த்து உடைத்தேன். காய் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாமி அறையில் உட்கார்ந்தேன். வயிறு எரிகிறது முருகா. ஏட்டு இருளப்பன் என்கிற இவர் பேரை வெட்டியது யார்? ஒரு பிளாக் மார்க் உண்டா, ஒரு மெமோ உண்டா? உன் படத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய நற்சேவைச் சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேனே, நீயே வாசித்துப் பார். நான் ஐந்தாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் பாராயணப் புத்தகத்தையும் பேப்பரையும் வைத்து நானாகக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு சான்றிதழையும் தட்டுத் தடுமாறாமல் வாசிப்பேன். தேர்த் திருவிழாவில் சிறப்பாகப் பாதுகாப்புப் பணி செய்ததற்காக. வீடு புகுந்த திருட்டு வழக்கில் துப்புத் துலக்கியதற்காக. சாராய வேட்டையில் துணிவுடன் செயல்பட்டதற்காக. இதில் பாதிகூடத் தங்கமாரி அண்ணனிடம் கிடையாது. அவருக்கு ஸ்டார், இவருக்கு அடுத்த லிஸ்ட்டா?

துப்புத் துலக்கிய அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதிருந்த அதிகாரியின் மகளுக்குச் சடங்கு. என் வீட்டுக்காரரும் அதிகாரி பங்களாவை விட்டு நகரவில்லை, நானும் அங்கேதான் தேங்காய் துருவினேன். எந்த நேரத்தில் துப்புத் துலக்கினார் என்று நான் கேட்டதில்லை. போலீஸ் வேலை, எல்லாவற்றையும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

செப்டம்பர் 3, செவ்வாய்

விரதம். சிலிண்டர் வந்தது. அவருக்கு வத்தக்குழம்பும் அப்பளமும். சாப்பிட்டுப் போனார்.

செப்டம்பர் 5, வியாழன்

மகள் அகல்யா எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவரிடம் போய், ஒருத்தர் நகை காணோமென்று எழுதிக் கொடுத்தால் எப்போது ரசீது மட்டும் கொடுப்பீர்கள், எப்போது வழக்குப் பதிவீர்கள் என்று கேட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "தங்கமாரி மாமாட்ட கேளு. அவன்தான் ஸ்டேஷன்ல கேஸ் எழுதுற ரைட்டர்" என்றார்.

"நீங்களும் போலீஸ்தானப்பா."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிட்டார். பிள்ளையைத் திட்டினேன். களைத்து வந்த மனிதரிடம் கேட்கிற நேரமா இது. அவளுக்கு வாய் நீளம், என் மாமியார் வழி.

பிறகு அவருடைய யூனிஃபார்மை எடுத்து வெயிலில் உதறிப் போட்டேன். பூச்சி உருண்டை வாசம் வந்தது. மற்ற வீடுகளில் வருஷத்துக்கு இரண்டு செட் கிழிகிறது, முழங்கால் நைந்துபோகிறது என்று புலம்புகிறார்கள். இவருடையது, போன பங்குனித் திருவிழாவுக்கு ஒருமுறை போட்டதைத் தவிர, மூன்று வருஷமாக மடிப்புக் கலையாமல் இருக்கிறது. நான் துணியைப் பேணுகிற விதம் அப்படி.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று நடந்ததை விட்டுப்போகாமல் எழுதிவிடுகிறேன்.

கோயில் பிரசாதம் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் எப்போதாவது போவதுதான். டி.எஸ்.பி. அய்யாவின் வீட்டு அம்மா நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார், காபி வந்தது. கொண்டுவந்து வைத்தது என் வீட்டுக்காரர். கைலியும் பனியனும், தோளில் அடுப்படித் துண்டும். என்னைப் பார்த்து ஒரு விநாடி நின்றார், பிறகு உள்ளே போய்விட்டார். இரண்டு பேருமே தெரியாதவர்கள் மாதிரி இருந்தோம். அங்கே எப்போதும் அப்படித்தான் இருப்போம்.

"செல்லக்கனி, உங்க வீட்டுக்காரர் கைக்குக் காப்புதான் போடணும்" என்றார் அந்த அம்மா. நேற்று வந்த விருந்தாளிகள் கோலா உருண்டையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம். அந்தக் கோலா என்னுடையது. கசகசா எவ்வளவு, எப்போது உருட்டுவது என்று பக்கத்தில் நின்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதைச் சொல்ல வாய்வரை வந்தது. வந்த காரியம் வேறு என்று அடக்கிக்கொண்டேன்.

"அம்மா, கூடச் சேந்தவுக எல்லாருக்கும் ஸ்டார் வந்துருச்சு. இவுக பேரு மட்டும் வரல. அய்யாட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா நடக்கும்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க என்ன பிடிச்சா வச்சிருக்கோம்? அவர்தானே வேண்டாம்னு சொன்னது. எழுதியே குடுத்துட்டாருன்னு சார் சொன்னாரே. உங்களுக்குத் தெரியாதா?"

உள்ளே தாளிக்கிற சத்தம் நின்றது. எண்ணெய் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

தெரியும்மா, சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பாயசம் ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார்கள். வாசலில் பாரா நிற்கிற சின்னப் பையனிடம், குடித்துவிட்டு வாளியை உள்ளே கொடுத்துவிடு தம்பி என்று நீட்டிவிட்டு வந்தேன்.

பொய். அத்தனையும் பொய். எந்த மனிதன் வருகிற பதவியை வேண்டாமென்று எழுதிக் கொடுப்பான்? இவர் போனால் இவர்களுக்கு அடுப்பு எரியாது, அதுதான் விஷயம். ஸ்டார் வைத்தவரை உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்ல முடியாது. இந்தப் பத்துப் பதினோரு வருஷத்தில் எத்தனை அதிகாரிகள் வந்து போனார்கள். ஒவ்வொருவர் மாறும்போதும் அடுத்தவருக்குப் பங்களாவை ஒப்படைப்பார்கள். சோபா, ஃப்ரிட்ஜ், தோட்டத்துக் குழாய், இருளப்பன். அவரை ஒரு மனிதராக நினைத்து, நீ எந்த ஸ்டேஷன் ஆள் என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்களா?

இந்தக் கோபத்தோடு விளக்கு வைக்கக் கூடாது என்பார்கள். வைத்தேன். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய் முருகா, இதையும் பார்.

அவர் வந்தார். நான் அங்கே வந்ததைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

விரதம். மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன். பாக்கியம் மதினி துணி உலர்த்த வந்தார். அடுத்த லிஸ்ட் எப்போதாம் என்று கேட்டார். கேட்ட குரலே சரியில்லை. அதிகாரிகள் அழுத்தி வைத்திருக்கிறார்கள், மேலே மனுக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"மனுக் குடுக்கப் போறீகளா? யார் மேல?" என்றார். "ஒங்க வீட்டு ஆளு இத்தன வருசமா ஒரு நைட் ரவுண்ட்ஸ் போனதுண்டா? தீவாளிக்கி வீட்டுல, பொங்கலுக்கு வீட்டுல. எங்க வீட்டு ஆளு கல்லெறி வாங்கிட்டு வந்து தையல் போட்டுப் படுத்துக் கெடந்தாக, நீங்கதான் ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பாத்தீக. அப்பல்லாம் இனிச்சது. இப்பக் கசக்குதாக்கும்."

நான் கேட்டேனா, என்னைக் கேட்டா போட்டார்கள் என்று சொன்னேன். மதினி சிரித்தார். அகல்யாவுக்கு அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் சீட்டு எந்த அதிகாரி சொல்லிக் கிடைத்தது என்று கேட்டார். ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மிளகாயை அள்ளும்போது கண் எரிந்தது. பொறாமை. ஸ்டார் வந்ததும் நாக்கிலும் ஒன்று குத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது.

செப்டம்பர் 14, சனி

தங்கமாரி அண்ணன் மிட்டாய் டப்பாவோடு வந்தார். மதினி பேசியதற்கு வருத்தம் சொல்லத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். மிட்டாயை வைத்துவிட்டு நெடுநேரம் சாமி அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

"தங்கச்சி, மனு கினு குடுத்துறாதீக. இருளப்பன் மானம் போயிரும். அவன் வேணாம்னு எழுதிக் குடுத்தது நெசம். நான் கூடத்தான் இருந்தேன். எவ்வளவோ சொன்னேன்."

என்ன காரணம் என்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தார். நான் விடவில்லை.

போன பங்குனித் திருவிழாவில் ஆள் பற்றாக்குறை. பங்களா டூட்டிக்காரர்களையும் இழுத்து பந்தோபஸ்து போட்டார்கள். இவருக்கு மேலரத வீதி முக்கு. அங்கே ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான், அதோ போகிறான் என்று சொல்லியிருக்கிறாள். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாக்கி டாக்கியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அடுத்த முக்குவரை நடந்து, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பயலிடம் விட்டிருக்கிறார். அதற்குள் திருடன் போய்விட்டான். அந்தப் பயல் எல்லார் முன்னாலும் சொன்னானாம், "ஏட்டய்யா, இது சாம்பாருக்கு உப்புப் பாக்குற வேல இல்ல." நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாளாம்.

"எஸ்.எஸ்.ஐ. ஆனா ஸ்டேஷன்ல உக்காரணும் தங்கச்சி. மனு விசாரிக்கணும், கோர்ட்டுல கூண்டேறணும். அவன் என்கிட்ட கேட்டான், அந்தப் பயலுக முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்கார்றதுன்னு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"அப்ப இந்தச் சான்றிதழ் எல்லாம்?"

அவர் மிட்டாய் டப்பாவை மூடினார். சமையலுக்குன்னு ரிவார்டு குடுக்க ரூல் கெடையாது தங்கச்சி என்றார். பிரியாணி நன்றாக இருந்தால் திருட்டைப் பிடித்தார் என்று எழுதுவார்களாம். எல்லாப் பங்களாவிலும் அப்படித்தானாம். அதனால் சர்வீஸ் ரெக்கார்டுப்படி எங்கள் செட்டிலேயே பெரிய துப்பறியும் ஆள் இருளப்பன்தான் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

போகும்போது ஒன்று சொன்னார். முப்பதாம் தேதி துணைப் பட்டியல் போகிறது. அதற்குள் இவர் நேரில் போய், மறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால் பேர் ஏறிவிடும். விட்டால் அவ்வளவுதான். ரிட்டையர் ஆகும்வரை ஏட்டு.

உள்ளுக்குள் எனக்குத் தெரியாதது ஒன்றையும் அவர் சொல்லிவிடவில்லை. ஆனாலும் அவர் போனபிறகு வெகுநேரம் என்னால் அடுப்படிக்குள் போக முடியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இட்லிக்கு அரைத்தேன். அகல்யா கோச்சிங் போயிருந்தாள். பேசிவிடலாம் என்று அவரிடம் பேசினேன்.

யார் மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். அப்படி ஒரு பேரைச் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. ஒருத்தரும் மிரட்டவில்லை என்றார். அந்தக் குரலில் இருந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டேன். கட்டிய நாளிலிருந்து அவரை ஒரு சொல் சொன்னதில்லை.

அவர் கோபப்படவில்லை. "எனக்கு என்ன தெரியும்னு ஸ்டார் வைக்கச் சொல்ற?" என்றார். "கோழிய எட்டாப் போடவா பத்தாப் போடவான்னு கேளு, சொல்றேன். அய்யாவுக்குச் சக்கர எவ்வளவுன்னு கேளு, சொல்றேன். ஒரு பொம்பள அழுதுக்கிட்டு வந்து நின்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல, செல்லக்கனி. எனக்கு நெசமாவே தெரியல."

"கத்துக்கிட்டா ஆகாதா?"

"இந்த வயசுலயா? எம் மக வயசுப் பயகிட்டயா?" பிறகு மெதுவாகச் சொன்னார், "அங்க எனக்கு ஒரு மரியாத இருக்கு. சாப்புட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்றாக. போலீஸ்னு போன எடத்துல எவன் சொன்னான் என்னை நல்லாருக்குன்னு?"

சாப்பாட்டை இருபது வருஷத்துக்கு மேலாக நானும்தான் போடுகிறேன். எனக்கு யார் சொன்னார்கள் நன்றாக இருக்கிறதென்று? அந்தப் பங்களாவில் தின்றவர்கள் ருசித்தது யார் கைப்பக்குவத்தை? இதையெல்லாம் கத்திக் கேட்டேன். அடுத்த வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, இனி இந்த வீட்டில் இதைப்பற்றி ஒரு பேச்சும் வரக் கூடாது, வந்தால் நான் பங்களாவிலேயே படுத்துக்கொள்வேன் என்றார். முருகன் மேல் ஆணையாகச் சொன்னார். முருகனை எதற்கு இழுக்கிறீர்கள் என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

செப்டம்பர் 16, திங்கள்

அவியல் செய்தேன். உப்பு அதிகம். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்.

செப்டம்பர் 20, வெள்ளி

டி.எஸ்.பி.க்கு மாறுதல் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் முழுக்க அதுதான் பேச்சு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். இனி யாருக்குச் சமைப்பார்?

சாயங்காலம் அவர் வந்து, புதிதாக வருகிற அதிகாரியின் வீட்டில் ஆறு பேராம், வயதான அம்மா இருக்கிறாராம், அவருக்குத் தனியாகக் காரமில்லாமல் வைக்கவேண்டுமாம் என்று அகல்யாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒப்படைப்பு முடிந்துவிட்டது. சோபா, ஃப்ரிட்ஜ், என் புருஷன்.

விளக்கு வைத்தேன். எப்போதும் அரை மணி நேரம் உட்கார்ந்து பாடுவேன். இன்று பாடவில்லை. படத்துக்கு நேரே நின்று கேட்டேன். எத்தனை செவ்வாய் உனக்காகப் பட்டினி கிடந்திருக்கிறேன்? என் புருஷனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, ஒரு கல்லு படக் கூடாது, ராத்திரியில் வீடு வந்துவிட வேண்டும் என்று கேட்டேன். அதை மட்டும் வரிசையாகக் கொடுத்துவிட்டு மனிதனை உள்ளுக்குள்ளே உளுத்துப்போக விட்டாயே. இது என்ன கணக்கு?

பக்கத்திலிருந்த சான்றிதழ்களை இறக்கினேன். சுவரில் மூன்று வெள்ளைக் கட்டங்கள் தெரிகின்றன. அவர் வந்து சாமி கும்பிடும்போது பார்த்தார். விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

விரதத்தோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். போலீஸ்காரன் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தும் ஸ்டேஷனுக்குள் காலெடுத்து வைத்தது இன்றுதான். தங்கமாரி அண்ணன் ஒரு கிழவரின் புகாரை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தடிமனான சட்டப் புத்தகம் விரித்துக் கிடந்தது. ஒவ்வொரு வரிக்கும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதினார். முடிகிறவரை பெஞ்சில் காத்திருந்தேன்.

அண்ணே, இவ்வளவு வருஷம் ரைட்டராக இருந்த நீங்களே பார்த்துத்தான் எழுதுவீர்களா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஜூலைலருந்து சட்டத்துக்கெல்லாம் புது நம்பர் தங்கச்சி. நாங்க மனப்பாடம் பண்ணுன அம்புட்டும் போச்சு. நானும் ஒண்ணாப்பு, அந்தா நிக்கிற பயலும் ஒண்ணாப்பு. இன்ஸ்பெக்டர் அய்யாவே பாத்துத்தான் சொல்றாக."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முருகன் பேசினான் என்று நினைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் பைத்தியம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது. அண்ணனிடம் நேராகவே கேட்டேன், அவரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பீர்களா, இந்தப் பையன்கள் சிரித்தால் என்ன செய்வீர்கள் என்று.

"முதல்ல வரட்டும், பக்கத்து நாக்காலியக் காலியா வைக்கிறேன். சிரிக்கிறவன் யாருன்னு நான் பாத்துக்கிறேன்" என்றார். பிறகு, "நான் சொன்னா வரமாட்டான். சொல்லிப் பாத்தாச்சு" என்றார்.

நான் சொன்னாலும் வரமாட்டார். பேசவே கூடாது என்று ஆணை வேறு.

செப்டம்பர் 25, புதன்

அரிசி புடைத்தேன். அகல்யாவுக்கு லேசாகக் காய்ச்சல், கஷாயம் கொடுத்தேன்.

செப்டம்பர் 28, சனி

மத்தியானம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்தேன். புது அதிகாரியின் மனைவி. குரல் இளசு. நான் யாரென்று கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை வந்து இறங்குகிறோம், பால் காய்ச்ச வேண்டும், பத்துப் பேருக்கு டிபன் ரெடியாக இருக்கவேண்டும், போன இடத்தில் சமையல்காரர் சரியில்லை, இங்கே ஒருத்தர் பங்களாவோடயே வருவார் என்று சொன்னார்கள், அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று மளமளவென்று பேசினார்.

பங்களாவோடயே.

"அம்மா, நான் அவுக வீட்டுக்காரி. அவுக சமையல்காரர் இல்ல. இருபத்தஞ்சு வருசம் சர்வீஸ் போட்ட ஏட்டு. எஸ்.எஸ்.ஐ. ஆகப்போறாக. திங்கக்கெழம வரமாட்டாக. வேற ஆள் பாத்துக்கோங்க" என்று சொன்னேன்.

பிறகு அந்தப் பெண், "ஓ, சாரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொல்லாதிருந்தது இந்த ஒரு வரியைத்தான்.

குளித்துவிட்டு வந்து போன் யாரென்று கேட்டார். சொன்னேன். நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் அப்படியே சொன்னேன். ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அடிக்கப்போகிறாரோ என்று நினைத்தேன். அப்படிப்பட்ட மனிதர் இல்லை, ஆனாலும் நினைத்தேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். அகல்யா அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு வெளியே போனவர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்றைக்கு எழுதுவது உங்களுக்கு. பேசக் கூடாது என்றுதான் ஆணை, எழுதக் கூடாது என்று இல்லை. இந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன். இதற்கு முந்தைய பக்கங்களையும் வேண்டுமானால் வாசித்துக்கொள்ளுங்கள். உங்களைத் திட்டியது எல்லாம் இருக்கிறது, எதையும் அடிக்கவில்லை.

கோபம் இன்னும் போகவில்லை. உங்களை மனிதராக எண்ணாமல் கைமாற்றிக்கொண்டே வந்தவர்கள் மேல் போகவில்லை. நாலு பேர் சிரித்ததற்காகச் சரி நான் இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தீர்களே, அதன் மேலும் போகவில்லை. அந்தப் பெண் சிரித்ததாகத் தங்கமாரி அண்ணன் சொன்னார். சங்கிலி போன பெண் சிரித்திருக்க மாட்டாள். நீங்கள் அவளைப் பாதியில் விட்டுவிடாமல் அடுத்த முக்குவரை கூட நடந்தீர்கள், அவள் அதைத்தான் நினைத்திருப்பாள். நான் பொம்பளை, எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது யாருக்கும் தெரியாத நேரம் இது. எல்லாரும் புத்தகத்தை விரித்து வைத்துத்தான் எழுதுகிறார்கள், நான் கண்ணால் பார்த்தேன். உங்களோடு சேர்ந்தவர்களும் நேற்று வந்தவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வருஷம் போனால் அவர்களெல்லாம் கற்றுக்கொண்டு மேலே போய்விடுவார்கள். அப்புறம் நீங்கள் எந்த வகுப்பில் போய்ச் சேர்வீர்கள்?

தங்கமாரி அண்ணன் பக்கத்து நாற்காலியைக் காலியாக வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ராத்திரி ரவுண்ட்ஸ் போடுவார்கள், தெரியும். நானும் பிள்ளையும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படுத்துக்கொள்வோம். தீபாவளி அன்றைக்கு நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் மறுநாள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். கல்லு படக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்வேன். வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று இனி வேண்டிக்கொள்ள மாட்டேன்.

யூனிஃபார்மை அயர்ன் செய்து பீரோ கதவில் தொங்கவிட்டிருக்கிறேன். கைலியும் பனியனும் எப்போதும் வைக்கிற இடத்தில் இருக்கின்றன. ஒளித்து வைக்கவில்லை.

போனில் நான் சொன்னதைப் பொய்யாக்க வேண்டுமென்றால் நீங்கள் நாளைக் காலை பங்களாவுக்குப் போனால் போதும். மெய்யாக்க வேண்டுமென்றால் ஆபீசுக்குப் போய், எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதை நான் போய்ச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன்.

நாளையோடு பட்டியல் முடிகிறது. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும். பேசப் பிடிக்காவிட்டால் இதற்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பதில் சொல்லுங்கள்.